கிராம் கணக்கைத் தாண்டி: சமகால நகை செய்யத் தொடங்குபவர்களுக்கு

நகைக்கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘கிராம் என்ன விலை?’ இரண்டாவது, ‘சேதாரம் எவ்வளவு?’ மூன்றாவது, கேள்வியே அல்ல, செய்கூலியைக் குறைக்கச் சொல்லும் பேரம். இந்த மூன்றுக்கும் பிடிகொடுக்காத நகையைத் தன் கையால் செய்து, அதை விற்றும் பிழைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சமகால நகை என்றால் புது டிசைன் என்று பலர் நினைக்கிறார்கள். டிசைன் தீபாவளிக்கு ஒரு முறை மாறும். இது வேறு. நகையின் மதிப்பு உலோகத்தின் எடையில்தான் இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து இந்த வகை நகை கிளம்பியது. 1967இல் நெதர்லாந்தின் நகைக்கலைஞர்கள் கேய்ஸ் பாக்கரும் எம்மி வான் லெயர்சுமும் அலுமினியத்தில் செய்த பெரிய கழுத்தணிகளை ஆம்ஸ்டர்டாமில் காட்சிப்படுத்தினார்கள். சமையல் பாத்திரம் செய்யும் உலோகத்தைக் கழுத்தில் போட்டுக் காட்டியது அன்று பெரிய துணிச்சல். 1980இல் சுவிஸ் நகைக்கலைஞர் ஒட்டோ குன்ஸ்லி ஒரு படி மேலே போனார். கறுப்பு ரப்பர் குழாயை வளைத்து வளையல் செய்து, உள்ளே தங்கக் குண்டு ஒன்றை வைத்து மூடிவிட்டார். வெளியே தெரிவது ரப்பரின் ஒரு புடைப்பு மட்டும். தங்கம் இருப்பதை நம்ப வேண்டும், அல்லது வளையலை அறுத்துப் பார்க்க வேண்டும். ‘தங்கம் கண்ணை மறைக்கும்’ என்பது அதன் தலைப்பு.

இதைப் படித்ததும் சிலருக்கு உற்சாகம் வந்துவிடும்: ‘அப்படியானால் கருத்து இருந்தால் போதும், கைத்தொழில் எதற்கு?’ அங்கேதான் சறுக்கல். பாக்கர் முறையாக நகைத்தொழில் படித்தவர். குன்ஸ்லி சூரிச்சில் பயின்று, பிறகு ம்யூனிக் கலைக்கழகத்தில் ஹெர்மன் யூங்கரிடம் சேர்ந்தவர். வேலை தெரிந்தவர்கள் அதைத் தள்ளிவைத்தார்கள். தெரியாதவர் தள்ளிவைக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆகவே முதல் ஓராண்டுக்குக் கருத்தை நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள், கைக்கு வேலை கொடுங்கள்.

எங்கே கற்பது

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று படிப்பு. மும்பையில் உள்ள இந்திய ரத்தின, நகைக் கல்விக்கழகம் போன்ற இடங்களில் வடிவமைப்பு, பட்டறை வேலை, கணினி வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் வகுப்புகள் இருக்கின்றன. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் சேருமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பட்டறை மேசையில் உட்கார வைப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அது படம் வரையும் படிப்பு. படம் வரைவதும் தேவைதான், ஆனால் அதற்கு அவ்வளவு கட்டணம் தேவையில்லை.

மற்றொன்று ஓர் ஆசாரியிடம் உட்கார்ந்து பழகுவது. தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை. நாகர்கோவில் வடசேரியில் கெம்புக் கல் பதித்த கோயில் நகை. சுவாமிமலையில் மெழுகு அச்சில் உலோகம் வார்ப்பது. தஞ்சாவூரில் கலைத்தட்டுக்காக வெள்ளித் தகட்டில் உருவம் எழுப்புவது. கோயம்புத்தூரில் தங்கப் பட்டறைகள் தெருத்தெருவாக. ஒவ்வோர் ஊரும் ஒரு தனி நுட்பத்தின் பள்ளிக்கூடம். ஆனால் அங்கே போய் ‘எனக்கு நகை செய்யக் கற்றுத் தாருங்கள்’ என்று மொத்தமாகக் கேட்டால் யாரும் வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்க மாட்டார்கள். அவர் நேரத்துக்குக் கூலி வாங்குபவர். ‘அண்ணே, கம்பி இழுக்க மட்டும் சொல்லிக் கொடுங்கள், உங்கள் நாள் கூலியைத் தந்துவிடுகிறேன்’ என்று கேளுங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். கற்றுக்கொண்ட நுட்பத்தை உங்கள் நகையில் பயன்படுத்தினால், யாரிடம் கற்றீர்கள் என்பதையும் அவர் சம்மதத்தோடு சொல்லிவிடுங்கள். ‘அழிந்துவரும் கலையை மீட்டேன்’ என்று விளம்பரம் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கலை செவ்வாய்ப்பேட்டையில் காலை முதல் இரவு வரை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மேசையும் கருவிகளும்

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தாழ்வான பலகையில் வேலை செய்வது நம் பட்டறை வழக்கம். முட்டி ஒத்துழைக்காதவர்கள், உட்கார்ந்தால் நெஞ்சளவு உயரம் வரும் மேசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். சாதாரண எழுத்து மேசை வேண்டாம். குனிந்தே வேலை செய்து ஒரு வருடத்தில் கழுத்து போய்விடும். மேசை விளிம்பிலிருந்து வெளியே நீளும் ஒரு மரக்கட்டை வேண்டும். அறுப்பதும் அராவுவதும் அதன் மேல்தான். கீழே ஒரு தோலையோ இழுப்பறையையோ வைத்தால் வெள்ளிப் பொடி வீணாகாது.

வாங்க வேண்டியவை: நகை ரம்பமும் அதற்குரிய மெல்லிய பிளேடுகளும், பெரிய அரம் ஒன்று, சிறு அரங்கள் ஒரு தொகுதி, தட்டையானதும் உருண்டையானதுமாக இரண்டு குறடு, சாமணம், மோதிரக் கம்பம், மரச்சுத்தி, இரும்புச் சுத்தி, சிறிய இரும்புப் பட்டடை, வெர்னியர் அளவி, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, கையில் பிடிக்கும் சிறு எரிவாயு டார்ச், வெப்பம் தாங்கும் செங்கல், வெங்காரம் (பற்றவைக்கும்போது தடவும் போராக்ஸ்), உப்புத்தாள். சென்னையில் இருப்பவர்கள் சவுகார்பேட்டையில் ஒரு முற்பகல் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். தொங்கவிடும் மோட்டார், மெருகு இயந்திரம், உருட்டு மெஷின் எல்லாம் பிறகு. வார்ப்பு வேலையை வெளியே கொடுத்துக்கொள்ளலாம். அரத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மலிவான அரம் ஒரு மாதத்தில் வழுக்கும், பழி உங்கள் கை மேல் விழும்.

நெருப்பு வேலையைச் சன்னல் உள்ள அறையில் வையுங்கள். பருத்தி உடை போடுங்கள், துப்பட்டாவையும் கூந்தலையும் முடிந்துகொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள். பற்றாசு (உலோகத் துண்டுகளை இணைக்க உருக்கும் கலவை) வாங்கும்போது காட்மியம் கலக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடை ஈயப் பற்றாசைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள். துளி ஈயம் ஒட்டிய வெள்ளியை மறுபடி சூடாக்கினால், அது உலோகத்தை அரித்துக் குழி போட்டுவிடும்.

முதல் மோதிரம்

தங்கத்தில் தொடங்காதீர்கள். வெள்ளியிலும் உடனே வேண்டாம். செம்புத் தகட்டில் நாலைந்து மோதிரம் செய்த பிறகு வெள்ளிக்கு வாருங்கள். செம்பு வெப்பத்தைத் தாங்கும், கெட்டால் மனம் கலங்காது.

ஓர் எளிய பட்டை மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 17 மி.மீ., தகட்டின் கனம் 1.5 மி.மீ., அகலம் 5 மி.மீ. எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? உள்விட்டத்தோடு கனத்தைக் கூட்டி 3.14ஆல் பெருக்குங்கள்: 18.5 × 3.14, ஏறக்குறைய 58 மி.மீ. கனத்தைக் கூட்ட மறந்தால் மோதிரம் விரலில் இறங்காது. 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) இந்தப் பட்டை சுமார் 4.5 கிராம் வரும்.

ரம்பத்தில் பிளேடை மாட்டும்போது பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அது அறுக்கும். அழுத்தாதீர்கள், முழு நீளத்துக்கும் மெதுவாக இழுங்கள். பிளேடில் அவ்வப்போது மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிளேடு உடையும், நிறைய உடையும். கட்டுக்கட்டாக விற்பதே அதற்காகத்தான்.

தகடு விறைப்பாக இருந்தால் வளைக்குமுன் பதப்படுத்த வேண்டும். அறை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு தீயைக் காட்டுங்கள். மங்கிய சிவப்பு படர்ந்ததும் எடுத்துவிடுங்கள். நிறம் பிடிபடாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: அழியாத மை பேனாவால் தகட்டில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எரிந்து மறையும் நேரம்தான் ஏறத்தாழப் பதம். நீரில் அணைத்துவிட்டு வளையுங்கள்.

இரு முனைகளும் சேரும் இடத்தை அரத்தால் சமன்செய்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இணைப்பு வழியே வெளிச்சம் கசிந்தால் மறுபடி அராவுங்கள். பற்றாசு இடைவெளியை அடைக்காது. இது தெரியாமல் பற்றாசை மேலும் மேலும் கொட்டுபவர்களின் மோதிரத்தில்தான் பிறகு விரிசல் விழுகிறது.

இனி நெருப்பு. இணைப்பில் வெங்காரக் கரைசலைத் தடவி, எள்ளளவு பற்றாசுத் துண்டை வையுங்கள். தீயை முதலில் தூரத்தில் காட்டுங்கள். வெங்காரம் பாலைப் போலப் பொங்கும். அவசரப்பட்டால் அந்தப் பொங்கலே பற்றாசைத் தள்ளிவிடும். பொங்கி அடங்கிக் கண்ணாடி போல ஆன பிறகுதான் தீயை நெருக்க வேண்டும். அதையும் இணைப்பில் அல்ல, மோதிரத்தின் பின்புறத்திலும் பக்கங்களிலும். பற்றாசு சூடான இடத்தை நோக்கி ஓடும். பற்றாசுத் துண்டை மட்டும் சுட்டால் அது உருண்டு குண்டாகி அப்படியே உட்கார்ந்துவிடும். மோதிரம் முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்ததும் தீயை இணைப்புக்குக் கொண்டுவாருங்கள். சட்டென்று வெள்ளை மின்னலாக ஒரு கோடு இணைப்பில் ஓடும். அந்தக் கணமே தீயை விலக்குங்கள். இன்னும் இரண்டு நொடி நின்றால் மோதிரமே உருகலாம். 925 வெள்ளி 890 டிகிரி செல்சியஸ் சுமாரில் முழுதாக உருகிவிடும், பற்றாசு அதற்குச் சற்றுக் கீழேதான் உருகுகிறது. இந்தச் சிறு இடைவெளிக்குள் வேலையை முடிப்பதுதான் தொழில்.

கறுத்த மோதிரத்தைச் சுத்தமாக்க, ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீர் போதும். பட்டறைகளில் புளியும் படிகாரமும் கூடப் பயன்படும். அந்த நீருக்குள் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள். செம்பு கரைந்திருக்கும் கரைசலில் இரும்பு பட்டால் வெள்ளியின் மேல் இளஞ்சிவப்புச் செம்புப் பூச்சு ஏறிவிடும். மூங்கில் அல்லது பிளாஸ்டிக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மோதிரக் கம்பத்தில் மாட்டி மரச்சுத்தியால் வட்டமாக்கி, அரத்திலிருந்து உப்புத்தாளுக்கு, கரடானதிலிருந்து மென்மையானதற்கு இறங்குங்கள். ஒரு தாளின் கீறல் முழுவதும் போன பிறகே அடுத்த தாள்.

வெள்ளியை நீங்களே கலப்பதானால் கணக்கு எளிது: 100 கிராம் 999 வெள்ளிக்கு 8 கிராம் சுத்தச் செம்பு சேர்த்தால் 925 கிடைக்கும். பழைய மின்கம்பிச் செம்பில் வெள்ளீயப் பூச்சு இருக்கக்கூடும், பார்த்துப் போடுங்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். நிக்கல் பலருக்கு அரிப்பைக் கொடுக்கும். காதில் நுழையும் தண்டுக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

உங்கள் கையெழுத்து

பட்டை மோதிரம், வளையம் கோத்த சங்கிலி, கல் பதிக்கும் கிண்ணம், காதுத் திருகாணி, கொக்கி. இவை தடங்கல் இல்லாமல் வந்த பிறகு நோட்டுப்புத்தகத்தைத் திறங்கள். ‘எல்லாம் செய்வேன்’ என்று அலையாமல் கட்டுப்பாடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரே பொருள், ஒரே இணைப்பு முறை, பத்து நகை. முதல் மூன்று எங்கோ பார்த்ததாக இருக்கும். ஆறாவதுக்கு மேல்தான் உங்களுடையது எட்டிப் பார்க்கும்.

எடுத்துக்காட்டாகத் தேங்காய்ச் சிரட்டையையும் வெள்ளியையும் சேர்ப்போம். சிரட்டை அருகே தீ காட்ட முடியாது. ஆகவே ரிவிட் அடிக்க வேண்டும். 1 மி.மீ. வெள்ளிக் கம்பிக்கு 1 மி.மீ. துளை, கம்பி இறுக்கமாக நுழைய வேண்டும். இருபுறமும் கம்பியின் விட்டத்தில் பாதி, அதாவது 0.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். பட்டடையில் வைத்துச் சிறு சுத்தியால் தட்டித் தட்டித் தலையை விரிக்க வேண்டும். ஒரு பக்கத்தையே முடிக்காமல் திருப்பித் திருப்பி அடியுங்கள், ஓங்கி அடித்தால் சிரட்டை பிளக்கும். இப்படி ஒரு தடையிலிருந்து கிடைக்கும் ரிவிட் தலைகளையே அலங்காரமாக வரிசைப்படுத்தினால், வடிவம் தானாக ஒரு திசைக்கு வருகிறது. பனையோலை, கோரை, எரிந்த மண், பழைய பட்டுச் சரிகை எதை எடுத்தாலும் அந்தப் பொருள் எதை அனுமதிக்காது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

செய்ததை நீங்களே ஒரு வாரம் அணிந்து பாருங்கள். காதணி ஒன்று 10 கிராமைத் தாண்டினால் மாலைக்குள் காது சொல்லிவிடும். மார்பில் குத்தும் புரோச்சின் ஊசி நகையின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே வைத்தால் நகை முன்னே கவிழும். மெல்லிய பருத்திப் புடவையில் தடித்த ஊசி ஓட்டை போடும். அரை நாளில் கவிழும் கனமான கருத்துச் சிற்பங்களைக் காட்சிக்கூடங்களில் நிறையப் பார்க்கிறேன். புகைப்படத்துக்கு அழகு, சட்டைக்குத் தண்டனை.

விலை

புதியவர்கள் தடுமாறுவது நெருப்பில் அல்ல, இங்கே. வாங்குபவர் ‘எத்தனை கிராம்?’ என்று கேட்டதுமே நம் மனம் பழைய தராசுக்குப் போய்விடுகிறது. 6 கிராம் வெள்ளிக்கு இவ்வளவா என்று நாமே நம்மைக் குறைத்துக்கொள்கிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உலோகமும் பிற பொருளும் 3,000 ரூபாய். எட்டு மணி நேர வேலை, மணிக்கு 300 வீதம் 2,400. வாடகை, எரிவாயு, பிளேடு, மின்சாரத்தில் இந்த நகையின் பங்கு 600. அடக்கம் 6,000. இருபது விழுக்காடு லாபம் சேர்த்தால் 7,200. இது உங்கள் கைக்கு வர வேண்டிய தொகை.

இப்போது ஒரு கடை 40 விழுக்காடு கமிஷன் கேட்கிறது. பெரும்பாலோர் 7,200க்கு 40 விழுக்காட்டைக் கூட்டி 10,080 என்று விலை எழுதுவார்கள். கடைக்காரர் தம் 40 விழுக்காட்டை 10,080இலிருந்து எடுப்பார். உங்களுக்கு மிஞ்சுவது 6,048. லாபம் ஏறக்குறைய முழுவதும் போய் அடக்கவிலையில் நிற்பீர்கள். சரியான வழி 7,200ஐ 0.6ஆல் வகுப்பது: 12,000. கடையில் 12,000 என்றால் உங்கள் வீட்டு வாசலிலும் 12,000தான். நேரில் வருபவருக்குக் குறைத்துக் கொடுத்தால் அந்தக் கடை அடுத்த முறை உங்களை எடுக்காது.

விலைச்சீட்டில் எடையை எழுதாதீர்கள். பில்லில் உலோகத் தரத்தையும் எடையையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ‘திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். உலோகத்தின் அன்றைய மதிப்பு மட்டுமே என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள். நகைக்கு ஜிஎஸ்டி 3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம். வெளிமாநில விற்பனைக்கும் இணையச் சந்தைகளுக்கும் விதிகள் வேறுபடும் என்பதால் ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

காட்டுவதும் அனுப்புவதும்

ஒவ்வொரு நகைக்கும் மூன்று படம்: வெள்ளைப் பின்னணியில் ஒன்று, உடலில் அணிந்து ஒன்று, பின்புறம் ஒன்று. பின்புறத்தைக் காட்டத் தயங்கும் நகை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வடக்குச் சன்னல் வெளிச்சமே நல்ல ஸ்டூடியோ. தொடக்கத்தில் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா போன்ற இடங்களில் நடக்கும் கைவினைச் சந்தைகள் நல்லவை. வாங்காமல் போகிறவர்களின் முகமும் உங்களுக்குப் பாடம் சொல்லும். வேலை முதிர்ந்த பிறகு ம்யூனிக்கில் மார்ச் வாக்கில் கூடும் ‘ஷ்முக்’ காட்சிக்கு விண்ணப்பிக்கலாம். உலகின் சமகால நகைக்காரர்கள் திரளும் இடம் அது.

வெள்ளியைக் காற்றுப் புகாத பையில் போட்டு அனுப்புங்கள். ரப்பர் பேண்ட் சுற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நீங்களே வேண்டுமென்று கறுப்பேற்றிய நகையானால் ஒரு சீட்டை மறக்காமல் வையுங்கள்: திருநீறு போட்டுத் தேய்க்க வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளியைக் கண்டால் கை தானாகத் திருநீற்றுக்குப் போகும். இரண்டு நாள் உழைத்து ஏற்றிய கறுப்பு ஐந்து நிமிடத்தில் பளபளவென்று போய்விடும், ‘நன்றாகச் சுத்தம் செய்துவிட்டேன்’ என்று மகிழ்ச்சியாகத் தொலைபேசியும் வரும்.

மேசைக்கடியில் சேரும் அரப்பொடியை வெள்ளி தனி, செம்பு தனி என்று டப்பாக்களில் பிரித்துப் போடுங்கள். இரும்புத் துகளைக் காந்தத்தால் எடுத்துவிடுங்கள். டப்பா நிறைந்ததும் சுத்திகரிப்பவரிடம் கொடுத்தால், அடுத்த தகட்டின் விலையில் ஒரு பகுதி வந்துவிடும்.